வண்டி நின்றதும் சொல்லலாம்

வையாபுரிக்குப் பசித்தது. இதுதான் அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இப்போதுதான் ஒரு பொம்பளை போனில் அழுதுவிட்டு வைத்திருக்கிறாள், மூக்கை உறிஞ்சின சத்தம் இன்னும் காதுக்குள் ஈரமாகக் கிடக்கிறது, வயிறு அதன் பாட்டுக்குக் கடமுடா என்கிறது. வயிற்றுக்கு என்ன தெரியும், அது ஒரு சண்டாளன், சாவு வீட்டுக் கதவுக்குப் பக்கத்திலே நின்றாலும் சோறு எங்கே என்றுதான் கேட்கும். டிபன் கேரியர் மேசை ஓரத்தில் மூடிக் கிடந்தது. மூடியிருந்தும் மோர்க்குழம்பு மணம் வந்தது, வீட்டுக்காரி வெண்டைக்காய் போட்டிருக்கிறாள், வேண்டாம் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாலும் வெண்டைக்காய்தான் போடுவாள். தலைக்கு மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் க்ளிக் என்றது. எண்ணெய் விடச் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்வது, சொல்வதற்கு ஆள் இருக்கிற லாரி ஆபீஸா இது, மேனேஜரும் அவரே பியூனும் அவரே. அந்தப் பொம்பளை என்ன சொன்னாள்? ருக்குமணி, நம்ம டிரைவர் அர்த்தநாரியோட அக்கா. "அண்ணா, அப்பனுக்கு ரொம்ப முடியலீங்ணா. ராத்திரி குளிக்கற ரூம்ல உழுந்துருச்சு. ஈரோட்டுக்குக் கொண்டு போனோம், ஊட்டுக்கே கொண்டு போயிருங்கன்னுட்டாங்க. மூச்சு மட்டுந்தாங்க இருக்குது. தம்பி பேரைத்தான் சொல்லீட்டே இருக்குது. அவன் ஓட்டீட்டு இருப்பான்னு நான் கூப்பிடலீங்க. வண்டி நின்னதும் நீங்களே பக்குவமா சொல்லி அனுப்பி உடுங்கண்ணா." அவரும் சரி கண்ணு என்றார். வேறு என்ன சொல்வார், வாயில் அதுதான் வரும். சங்ககிரி சுற்று வட்டாரத்தில் லாரிக்காரன் வீட்டில் பிறந்த எவளும் இப்படித்தான் பேசுவாள். ஓட்டுகிறவன் காதில் சாவு விழக்கூடாது. பெற்ற தாயே செத்தாலும் நேராகக் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். ஆபீசுக்குச் சொல்வார்கள், ஆபீஸ் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்து, நின்ற பிறகு சொல்லும்.

யார் வைத்த வழக்கமோ, நல்லதற்குத்தான் வைத்தான். கிருஷ்ணகிரி மலை இறக்கத்தில் ஒருத்தன், பிள்ளையைப் பாம்பு கடித்துவிட்டது என்று போனில் கேட்டானாம், அந்த இடத்திலேயே வண்டியைக் கொண்டுபோய்ப் பாலத்துச் சுவரில் விட்டானாம், பிள்ளை பிழைத்துக்கொண்டது, அப்பன் போய்விட்டான். அதிலிருந்து எல்லா வீட்டிலும் இதே பேச்சு. நல்ல வழக்கம். வையாபுரிக்கே நடந்திருக்கிறதே. அப்போது அவரும் ஸ்டியரிங் பிடித்தவர்தான், மேசைக்குப் பின்னால் உட்காருகிற உடம்பு அல்ல அது, வயிறு உள்ளே ஒட்டிக் கிடந்த உடம்பு. நாக்பூரில் வெங்காய மண்டியில் லோடு இறக்கிவிட்டு புக்கிங் ஆபீசுக்குப் போனால் அங்கிருந்த தமிழாள் உட்காரு என்றான், முதலில் சாப்பிடு என்றான். சப்பாத்தியும் பருப்பும் வந்தது. இந்தாள் எதற்கு நமக்குச் சோறு வாங்கித் தருகிறான் என்று பயந்துகொண்டேதான் தின்றார். கை கழுவி வந்த பிறகு, தோளில் கை வைத்து, "ஊர்ல உங்கப்பா போயிட்டாருப்பா, மேனேஜர் டிரங்க் கால் போட்டாரு, நீ கிளம்பு, வண்டிக்கு வேற ஆள் வருது" என்றான். அவ்வளவுதான். பிறகு ஒன்றும் அவர் கையில் இல்லை. தெற்கே போகிற லாரி ஒன்றில் ஏற்றி உட்கார வைத்தார்கள், ஐதராபாத்தில் அந்த வண்டிக்காரன் இன்னொருத்தனிடம் ஒப்படைத்தான், பெங்களூரில் இன்னொருத்தன். எவனும் காசு கேட்கவில்லை, எவனும் பேர் கேட்கவில்லை. கேதக்காரன், சாவுக்குப் போகிறவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இடம் விட்டார்கள். ஒருத்தன் தன் போர்வையைக் கொடுத்தான், பீடி நாற்றம் அடிக்கிற போர்வை, அதை மூடிக்கொண்டு அழுதார். கைமாற்றிக் கைமாற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்த்துவிட்டார். வாய்க்கரிசி போட்டார். அந்த முகம் இன்றைக்கும் இருக்கிறது, இடது புருவத்தில் எறும்பு ஒன்று ஊர்ந்ததுகூட இருக்கிறது. ஆகவே வையாபுரிக்குத் தெரியும். தெரியாமல் ஒன்றும் இல்லை. தனக்கு வந்தால் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்பார்கள், அவருக்கு வந்துவிட்டுப் போயும் இருக்கிறது. அதனால் என்ன? வெங்காயம் இறங்கிவிட்டது அல்லவா அன்றைக்கு. இறங்கின பிறகுதானே சொன்னார்கள். இறங்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்களோ என்னவோ, யார் கண்டது. இந்த நினைப்பு வந்ததும் வையாபுரிக்கு உள்ளே எதுவோ லேசானது. இறங்கின பிறகு. ஆமாம், இறங்கின பிறகுதான். ஏன் இத்தனை வருஷம் இது தோன்றவில்லை.

ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நின்றன. ஓடுகிற வண்டி லாரி, நிற்கிற வண்டி பிணம் என்று பெரியவர், அதாவது பழைய முதலாளி, சொல்லுவார். இப்போது பெரியவர் கட்டிலோடு, பிள்ளைதான் எல்லாம், சின்னவர். ஷெட்டில் பாதிக்கு மேல் பிணங்கள். ஒன்றின் கேபினுக்குள் மைனா கூடு கட்டியிருக்கிறது, இன்னொன்றின் சக்கரத்தில் கோவைக்கொடி ஏறிக் காய்த்துக்கூட விட்டது, சமையலுக்குப் பறித்துப்போகலாம். வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை, ஓட்ட ஆள் இல்லை. வருகிறான்கள், ஒரு நடை போகிறான்கள், ஓடிவிடுகிறான்கள். ஒருத்தன் விஜயவாடாவுக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டுச் சாவியை டீக்கடையில் கொடுத்துவிட்டு ரயிலில் ஏறிக்கொண்டு போன் பண்ணினான், "அண்ணா, உங்க வண்டி அங்க நிக்குது, நான் போறேன்." ஏன்டா என்றால், "சும்மாதாங்ணா" என்றான். சும்மா! சும்மா போகிற மாதிரியா வைத்திருக்கிறோம்? கேபினுக்குள் சின்னவர் கேமரா மாட்டினார், ரோட்டைப் பார்த்து அல்ல, மூஞ்சியைப் பார்த்து. கொட்டாவி விட்டால் கத்தும். போனை எடுத்தால் கத்தும். பீடி பற்றவைத்தால் கத்தும். வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு லோடு சொல்லி அனுப்பிவிட்டு, இறக்கின இடத்தில் இன்னொன்றைத் தலையில் கட்டி, அங்கிருந்து இன்னொன்று, பொங்கலுக்கு வருகிறேன் என்று போனவன் பங்குனியில் தாடியோடு வந்தான். அதைச் சொன்னவர் யார்? வையாபுரிதான். இன்னும் ஒரே லோடு அர்ஜெண்டுப்பா, அடுத்தது வீடுதான். இந்த வாயால் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார், சொல்லிச் சொல்லி இப்போது உண்மை சொன்னாலே நாக்கு கூசுகிறது. ஆள் ஓடுகிறானே என்று சின்னவர் மண்டபம் பிடித்து விழா வைத்தார். எல்லாருக்கும் மஞ்சள் பனியன், முதுகில் நாம் ஒரே குடும்பம் என்று எழுதி. சங்கீத நாற்காலி வைத்தார்கள். நாற்பது ஐம்பது வயது ஆம்பளைகள், இடுப்பு செத்தவன்கள், பாட்டுப் போட்டதும் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி ஓடினான்கள், ஒருத்தன் விழுந்தான், அத்தனை பேரும் சிரித்தார்கள், கேக் வெட்டினார்கள். மறு வாரம் அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டே மூன்று பேர் எதிர்க் கம்பெனியில் சேர்ந்துவிட்டான்கள். அதற்குத்தான் சின்னவர் வையாபுரியைக் கூப்பிட்டு, நாற்காலியில்கூட உட்காரச் சொல்லாமல், செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "இன்னொரு வண்டி நடுரோட்ல நின்னுச்சுன்னா, அந்தச் சாவிய நீங்களே எடுத்துக்கங்க. உங்களுக்குத்தான் லைசென்ஸ் இருக்குதே."

அதை நினைத்ததும் வையாபுரி ஜன்னலை இழுத்துச் சாத்தினார். பயம்தான், பயம் என்றே சொல்லலாம், யாரிடம் மறைக்க. ஒரு கண்ணில் புரை. ராத்திரியில் எதிர் வண்டி விளக்கு வந்தால் அது ஒன்றாக வராது, பூப்பூவாக விரிந்து ரோட்டையே மூடும், பைக் ஓட்டும்போதே பட்டிருக்கிறார். அதோடு போய் அத்தனை டன்னைத் தூக்கிக்கொண்டு மலை இறங்குவதா? சின்னவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. அந்த ஆள் சிரித்தே பார்த்ததில்லை, கேக் வெட்டும்போதுகூட. வேலையை விட்டுப் போ என்றால்கூடப் பரவாயில்லை, போகச் சொல்லமாட்டார், ஓட்டச் சொல்வார், ஓட்ட முடியாமல் இவரே போக வேண்டும், அப்போது யாரும் யாரையும் துரத்தவில்லை என்று ஆகிவிடும். படித்தவன் புத்தி. மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரில் அர்த்தநாரியின் வண்டி பச்சைப் புள்ளியாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஹாவேரி தாண்டிவிட்டான், ஹூப்ளியை நெருங்குகிறான். சேலத்து ஜவ்வரிசி, புனேவுக்கு. அங்கே விரதம் வருகிறது, விரதத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் ஜவ்வரிசிதான் தின்பார்கள், விரதம் பிறக்கிறதுக்கு முன்னால் மண்டியில் இறங்கினால்தான் சரக்கு, பிறந்தபிறகு இறங்கினால் கோழித் தீவனம். சரக்கு வாங்குகிற பார்ட்டி காலையிலிருந்து வண்டி எங்கே வண்டி எங்கே என்று உயிரை எடுக்கிறான். இப்போது சொன்னால் என்ன ஆகும்? அர்த்தநாரி ஹூப்ளியில் வண்டியை ஓரம் கட்டுவான். பஸ் பிடிப்பான். நாளைக்கு விடிய ஊர் வந்துவிடுவான், அப்பன் இருந்தால் பார்ப்பான். வண்டி ஹூப்ளியில் நிற்கும். மாற்று ஆள்? மாற்று ஆள் இருந்தால் ஷெட்டில் மைனா எதற்குக் கூடு கட்டுகிறது? சரி, போனவன் திரும்பி வருவானா? கேதத்துக்குப் போனவன் எவன் திரும்பி வந்திருக்கிறான். கருமாதி முடிந்ததும் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து இந்தப் பொழைப்பு எதுக்குப்பா என்பார்கள், அவனும் ஆமாம் என்பான். இப்போது சொல்லாமல், இறக்கின பிறகு சொன்னால்? அப்போதும் போய்விடுவான், கோபத்தோடு போவான். ஆகமொத்தம் போகத்தான் போகிறான். வையாபுரி விரலை மேசையில் தட்டினார். எப்படியும் போகிறவன், எப்போது போனால் என்ன. சொன்னால் வண்டி வழியில் நிற்கும். சொல்லாவிட்டால் ஜவ்வரிசி இறங்கும், வண்டி ஷெட்டுக்கு வரும், பிறகு அவன் கத்தட்டும், சட்டையைப் பிடிக்கட்டும். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். சீ, என்ன பேச்சு இது. மூச்சு இருக்கிறது என்றுதானே சொன்னாள், கிழவன் இன்னும் பத்து நாள்கூட இழுத்துக்கொண்டு கிடக்கலாம், எத்தனை பேர் கிடக்கவில்லை. கிழவனை ஒரு தரம் பார்த்திருக்கிறார். மாரப்பன். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டின ஆள், தறிச் சத்தத்தில் காது செத்து, எல்லாவற்றையும் கத்தியே பேசுவான். மகனை வேலைக்குக் கூட்டி வந்த அன்றைக்கு இதே மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஏனுங்க, கலியாணங்காட்சி இல்லாத பையன், லாரிக்காரனுக்கு எவனும் பொண்ணு குடுக்க மாட்டீங்கறான், நீங்கதான் பார்த்துக்கோணும்" என்று ஊருக்கே கேட்கக் கத்தினான். அர்த்தநாரி வெட்கத்தில் தரையைப் பார்த்தான். அப்போதும் இந்த விசிறி க்ளிக் என்றுதான் சுற்றிக்கொண்டிருந்தது.

போன் அதிர்ந்தது. மேசைமேல் வண்டு மாதிரி சுற்றிக்கொண்டே விளிம்புக்குப் போனது, விழட்டும் என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டே இருந்தார், விழுந்து உடைந்தால் யாருக்கும் யாரும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. பிடித்துவிட்டார், கை பிடித்துவிட்டது. ருக்குமணி. இந்தத் தரம் அவள் அழவில்லை, அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் அழுதார்கள். "போயிருச்சுங்ணா" என்றாள். வையாபுரி எழுந்து நின்றார். எதற்கு நின்றார் என்று தெரியவில்லை, பழக்கம், சாவு என்றால் எழுந்து நிற்கவேண்டும் என்று உடம்பு வைத்திருக்கிறது. "அடடா, என்ன கண்ணு இப்படி ஆயிப்போச்சு" என்றார். குரல் நன்றாகவே உடைந்தது, அவரே எதிர்பார்க்கவில்லை, பரவாயில்லையே என்று உள்ளுக்குள் ஒருத்தன் தலையாட்டினான். "ஐஸ் பெட்டிக்குச் சொல்லீருக்குதுங்க. தம்பி வந்து முகம் பார்க்கட்டும், கொள்ளி வெக்கறதுக்கு அவன்தானுங்களே. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வெச்சிருக்கறோம். சொல்லீருவீங்கள்ல?" "சொல்லாம இருப்பனா கண்ணு. வண்டி மலைல ஏறிட்டு இருக்குது. நீங்க யாரும் கூப்பிட்டுறாதீங்க, சொந்தக்காரங்களையும் கூப்பிட வேண்டாம்னு சொல்லிரு. போன்ல படம் கிடம் போட்டு கண்ணீர் அஞ்சலின்னு எவனாச்சும் போட்டான்னா அவன் பாட்டுக்குப் பார்த்துருவான், கை ஆடிப்போயிரும். நான் பார்த்துக்கறேன்." மலையாவது மண்ணாவது, ஹூப்ளி ரோடு பலகை மாதிரி கிடக்கிறது. "சரீங்ணா, எல்லார்த்துகிட்டயும் சொல்லீர்றேன்" என்றாள் அந்தப் பொம்பளை, நன்றியோடு வேறு சொன்னாள். வையாபுரி உட்கார்ந்தார். செத்தாயிற்று. இனி அவன் வந்தாலும் வராவிட்டாலும் மாரப்பனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, அந்தக் காதுதான் முன்னாலேயே செத்த காது. உயிரோடு கிடந்து பேரைச் சொல்லிக்கொண்டிருந்தால் அது ஒரு பாவம், மனுசனுக்கு உறுத்தும். செத்தபிறகு என்ன? முகம். முகத்தைப் பார்த்து என்ன செய்யப்போகிறான். இவர் பார்த்தாரே, என்ன கிடைத்தது, ஒரு எறும்பு. எறும்பு இத்தனை வருஷமாகப் புருவத்தின்மேல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது, அதுதான் மிச்சம். ஒருவிதத்தில் அவனுக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்லவேண்டும். இப்படி நினைத்தபோது அவருக்கே சிரிப்பு மாதிரி ஒன்று வந்து மூக்கில் நின்றது. உழைத்துச் சம்பாதித்த கெட்ட புத்தி இது, ஒரு நாளில் வரவில்லை.

பச்சைப் புள்ளி நின்றது. நின்று சிவப்பானது. சாப்பாட்டுக்கு ஒதுக்கியிருப்பான். வண்டி நின்றுவிட்டது, நின்றதும் சொல்லலாம், நின்றதும் சொல்லவேண்டும், இதுதான் இடம், இந்த இடத்துக்காகத்தான் அத்தனை வீடும் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. இவர் கூப்பிடவில்லை. அவனே கூப்பிட்டான். "மேனேஜரண்ணா, ஹூப்ளிக்கு இந்தப் பக்கம் நிறுத்தியிருக்கறனுங்க. சாப்புட்டுட்டு எடுத்தர்றேன்." பின்னால் எவனோ கன்னடத்தில் ரொட்டிக்குக் கத்தினான், பாத்திரம் உருண்டது. "சாப்புடுப்பா, நல்லா சாப்புடு" என்றார் வையாபுரி. முதலில் சாப்பிடு என்று சொன்ன நாக்பூர்க்காரன் ஞாபகத்துக்கு வந்தான். அவனுடைய முகம் எப்படி இருக்கும், மறந்துவிட்டது. கை மட்டும் ஞாபகம், தோளில் வைத்த கை. "ஏனுங்ணா, அப்பனுக்குப் போட்டேன், எடுக்கவே இல்லீங்க. அக்காளுக்குப் போட்டேன், அதும் எடுக்கல. ஊட்டுல ஒண்ணும் இல்லீங்களே?" கேட்டுவிட்டான். நேராகக் கேட்டுவிட்டான். சொல்லிவிடு, கழுதையே, இரண்டு வார்த்தை, அப்பா போயிட்டாருப்பா, பஸ் ஏறு. பஸ் ஏறினால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் சாவி, சாவி என்றால் பூப்பூவாய் விரிகிற விளக்கு. வண்டி நின்றால் சாவி. இதற்கு மேல் எண்ணம் போக மறுத்தது, செக்குமாடு மாதிரி அதே வட்டத்தில் வந்தது. "இருக்கீங்களாங்ணா?" "இருக்கேன், இருக்கேன். ஊட்ல என்ன இருக்கப்போவுது? எங்காச்சும் விசேஷத்துக்குப் போயிருப்பாங்க, முகூர்த்த நாளாச்சே." "அப்பன் போனை எங்காச்சும் வெச்சுட்டுச் சுத்தும், காதும் கேக்காது" என்று அர்த்தநாரி சிரித்தான். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எதிர்க் கம்பெனில என்னைக் கூப்படறாங்க. கேமராவெல்லாம் இல்லீங்களாம். நான் வரலீன்னுட்டேன். அங்க எவன் மூஞ்சியும் எனக்குத் தெரியாது, ஊட்டுக்கு ஒண்ணுன்னா எவன் சொல்லுவான்? நீங்க இருக்கறீங்கன்னுதான் இங்க கெடக்கறேன்." வையாபுரி கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் விசிறி சத்தம் போடத்தான் செய்தது. "இறக்கிட்டு நேரா ஊருக்கு வந்துரு, அர்த்தநாரி. திரும்பறப்ப உனக்கு லோடே போடல, காலி வண்டியாவே வா. சின்னவர்கிட்ட நான் பேசிக்கறேன்." "நெசமாவாங்ணா?" அவனுக்கு நம்பவே முடியவில்லை. இந்தக் கம்பெனியில் காலி வண்டியோடு ஊருக்கு வா என்று எவனுக்கும் எவரும் சொன்னதில்லை. "நீங்க நல்லா இருக்கோணுங்ணா. உங்க புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கோணும்." கொஞ்ச நேரத்தில் புள்ளி பச்சையாகி நகர்ந்தது.

வையாபுரி கேரியரைத் திறந்தார். கை கழுவினாரா என்று ஞாபகமில்லை. வெண்டைக்காய்தான். பரவாயில்லை, இன்றைக்கு வெண்டைக்காய்கூட இறங்கியது, கவளம் கவளமாக இறங்கியது, அப்படி ஒரு பசி. நல்லது செய்துவிட்டோமோ என்றுகூட ஒரு எண்ணம் வந்தது, காலி வண்டி என்றால் சும்மாவா, அதற்குச் சின்னவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப்போவது யார். நாலு நாள் கழித்து அவன் வருவான், கேட்பான், ஏனுங்ணா சொல்லலீன்னு கேட்பான், சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லலாம், நீ மலையில் இருந்தாய் என்று சொல்லலாம், சொல்லி முடித்தபோது உன் போன் கட்டாகிவிட்டது என்று சொல்லலாம். அவன் சொல்வதா, இவர் சொல்வதா, ஊரில் எது எடுபடும்? அன்றைக்கு வருவது அன்றைக்கு. ரசத்துக்குச் சோற்றைப் பிசையும்போது மறுபடியும் போன். ருக்குமணி. இடது கையால் எடுத்தார். "சொல்லீட்டீங்களாங்ணா?" "சொன்னேன் கண்ணு." இதை யோசித்து வைத்திருக்கவில்லை, நாக்கு தானாகவே சொன்னது. "என்னங்க பண்ணுனான்? ரொம்ப அழுதானா? எப்ப வர்றான்? எங்க மாமனை ஈரோட்டுக்கு அனுப்பி கூட்டிட்டு வரச் சொல்லட்டுமுங்களா?" வையாபுரி பிசைந்த கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். வந்துகொண்டிருக்கிறான் என்றால் இவர்கள் காத்திருப்பார்கள். காத்திருந்தால் எங்கே வருகிறான் என்று அவனையே கூப்பிடுவார்கள். பஸ் கிடைக்கவில்லை என்றாலும் கூப்பிடுவார்கள். வருகிறான் என்பதில் எதைச் சொன்னாலும் கடைசியில் போன் அவனிடம் போகும். அவனை யாரும் கூப்பிடாமல் இருக்க ஒரே ஒரு பதில்தான் உலகத்தில் இருந்தது. அது தட்டுக்குப் பக்கத்தில் தயாராக இருப்பது மாதிரி இருந்தது, எடுத்து வைக்கவேண்டியதுதான் பாக்கி.

"வரலீன்னுட்டான் கண்ணு."

"என்னங்க?"

"நானும் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸுக்குப் பணம் போட்டு உடறேன்னேன், வண்டிக்கு வேற ஆள் அனுப்பறேன்னேன். லோடு வழில கெடக்குது, உட்டுட்டு வர முடியாது, நீங்களே எடுத்துருங்கன்னுட்டான்." கொஞ்சம் நிறுத்தி, "வயசான உசுருதானேன்னான்" என்று சேர்த்தார். இது எதற்கு? இது தேவையே இல்லை. ஆனால் ஆணி அடிக்கிறவன் கடைசியாக ஒரு அடி சும்மா அடிப்பானே, அப்படி வந்துவிட்டது.

அந்தப் பக்கம் ஒப்பாரி மட்டும் கேட்டது, பறை இப்போதுதான் வந்திருக்கும் போல, ஒருத்தன் சூடு காட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வையாபுரி தட்டில் ரசம் ஓரமாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ருக்குமணி போனை வைத்துவிடுவாளா, திட்டுவாளா, பொய் என்பாளா? பொய் என்று சொல்லிவிட்டால்கூட நன்றாக இருக்கும் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஆசைப்பட்டார். என் தம்பி அப்படிச் சொல்லமாட்டான் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லிவிட்டால் இவர் உடைந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். அவள் சொல்லவில்லை. இவர் மேனேஜர், வயதான மனுசன், சாவுச் செய்தியைச் சொல்கிற ஆள், இவர் எதற்குப் பொய் சொல்லப்போகிறார்?

"கடைசி வரைக்கும் அவன் பேரைத்தாங்ணா சொல்லீட்டுக் கெடந்துச்சு" என்றாள். குரல் காய்ந்திருந்தது. "இருக்கட்டும். அப்பறம் எதுக்கு நாளைக்கு வரைக்கும் வெச்சிருக்கோணும். இன்னிக்குப் பொழுதோடவே எடுத்தர்றோம். பெரியப்பன் பையன் கொள்ளி வெக்கட்டும்."

"மனசைத் தேத்திக்க கண்ணு. சின்னப் பையன், ஏதோ பேசீட்டான்."

"இனி அவன் இந்த ஊட்டு வாசலை மிதிக்க வேண்டாம்னு சொல்லீருங்க. அக்காளும் செத்துட்டாள்னு சொல்லீருங்க. சொல்லீருவீங்களாங்ணா?"

"சொல்லிடறேன் கண்ணு" என்றார் வையாபுரி.